மெல்லிய காற்றின் கணக்கு

சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம்கூட இராத ஒரு பித்தளைத் துண்டு. அதன் நடுவே, தையல் ஊசி நுழையத் தயங்கும் ஒரு துளை. பூண்டுலோயாக் கடைவீதி முடிந்து பாதை தோட்டத்துக்குள் திரும்பும் முனையில், தகரக் கூரையிட்ட கராஜின் வாசலில் நின்று மெக்கானிக் அதை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். வட்டமாகத் தெரியவேண்டிய வெளிச்சம் பிறைபோல ஒரு பக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். "அழுக்கு அடைச்சிருக்கு அண்ணே" என்கிறார், பக்கத்தில் தவித்துக்கொண்டு நிற்கும் ஓட்டோக்காரரிடம். வட்டகொடைப் பக்கத்து ஏற்றத்தில் இருமி இருமி நின்றுபோன வண்டி அது. எட்டு மணிக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியாக வேண்டும். அவசரமெல்லாம் ஓட்டோக்காரருக்கு. மெக்கானிக் ஜெட் எனப்படும் அந்தத் துண்டை உதட்டில் வைத்து ஊதுகிறார், திருப்பி ஊதுகிறார், மறுபடி வெளிச்சத்துக்குக் காட்டுகிறார். அந்தப் பார்வையை முன்பே எங்கோ கண்டிருக்கிறேனே என்று யோசித்தேன். தேயிலை ஸ்டோரில் டீமேக்கர் ஐயா அரைத்த தூளை உள்ளங்கையில் பரப்பி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பாரே, அதே பார்வைதான்.

அந்த ஜெட் இருக்கும் காபரேட்டரை நம்மில் பெரும்பாலோர் பெயரளவில் அறிவோம். வண்டி நின்றுபோனால் திட்டுவதற்கு வாய்த்த ஒரு பெயர். பெற்றோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் ஒழுங்காக எரியாது. காற்றோடு தூறலாகக் கலக்கவேண்டும், அந்தக் கலப்புக்கும் ஓர் அளவு உண்டு: எடைக்கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. எஞ்சின் உறிஞ்சும் காற்று காபரேட்டரின் குறுகிய கழுத்து வழியே ஓடுகிறது. குறுகலில் காற்று விரைகிறது. விரைந்தால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, பக்கத்துக் கிண்ணத்தில் நிற்கும் பெற்றோலை ஜெட்டின் துளை வழியே இழுத்துத் தூவிவிடுகிறது. இதற்குள் இருக்கும் உண்மையைத் தானியேல் பெர்னூலி 1738இலேயே எழுதிவிட்டார். குறுகிய குழாயில் நடப்பதை இத்தாலியரான வென்சூரி 1797இல் விளக்கினார். மோட்டார் வண்டியே பிறவாத காலம் அது. நூறு ஆண்டுகள் கழிந்து, 1893இல், ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும் புடாபெஸ்ட்டின் பான்கி, சோன்கா இருவரும் தனித்தனியாகவே பெற்றோலைத் தூவும் காபரேட்டருக்கு வந்து சேர்ந்தார்கள். ஓர் அறிவு தனக்கு வேலை வரும்வரை இப்படி ஒரு நூற்றாண்டு காத்துக்கிடப்பது உலகில் புதிதல்ல.

ஆனால் அந்தக் கலப்பின் அளவை வகுத்தவர்கள் எல்லாரும் தாழ்ந்த நிலங்களில் இருந்தவர்கள். பர்மிங்ஹாமிலோ பாரிசிலோ யப்பானின் கரையோரத்திலோ துளையிடப்பட்ட ஜெட் அங்கே உள்ள அடர்ந்த காற்றுக்காகத் துளையிடப்பட்டது. நம்முடைய காற்று வேறு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக் கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அங்கே குறைந்துவிடும். பூண்டுலோயா அவ்வளவு உயரமில்லை என்றாலும் மலையில்தான் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைந்த அதே விகிதத்தில் பெற்றோலைக் குறைத்துக்கொள்ள ஜெட்டுக்குத் தெரியாது. கடல்மட்டத்து வண்டி மேலே ஏற ஏறப் பெற்றோல் கூடிப்போகும், கரும்புகை வரும், பிளக் கரிபிடிக்கும், வளைவில் இழுக்காமல் மூச்சு வாங்கும். மலைக்கென்று இசைத்த வண்டி கொழும்புக்கு இறங்கினால் கோளாறு தலைகீழாகும்: கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, பிளக் வெளுத்துவிடும். மத்திய கிழக்குக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இறங்கிய பழைய கார்க்காரர்கள் இதைப் புத்தகத்தில் படித்தவர்களல்லர். ஓர் இடத்தில் நிறுத்தி, பொனற்றைத் தூக்கி, திருப்புளியால் கால் சுற்றுத் திறந்துவிட்டு இறங்குவார்கள்; திரும்பி ஏறும்போது அதே கால் சுற்றை மூடிக்கொள்வார்கள். காபரேட்டருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. யாராவது சொல்லியாக வேண்டும்.

பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தால், வேறிடத்து அளவு இங்கே வந்து பொருந்தாத கதை இன்னும் விளங்கும். டன்சினன் என்பது ஸ்கொட்லாந்தின் ஒரு குன்று. மக்பெத் நாடகத்தால் உலகறிந்த குன்று. ஈட்டனும் ஹரோவும் இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்கள். துரைமார் தாம் படித்த பள்ளியின் பெயரை வைத்தார்களா, படிக்க வாய்க்காத பள்ளியின் பெயரை வைத்தார்களா என்பது எனக்கு நெடுநாளாக உள்ள ஒரு குறும்பான சந்தேகம். பெயர் வேறு நாட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது. மலை இந்த மலை. இரண்டையும் பொருந்த வைத்தவர்கள், மன்னாரில் இறங்கிக் காடுவழியாக மாத்தளைக்கு நடந்து, வழியிலே விழுந்தவர்கள் போக மிஞ்சிவந்த நம் முன்னோர். அவர்கள் வந்தது காப்பிக்கு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். காப்பி இலையில் துருநோய் கண்டது 1869இல். அப்போது அந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. பத்திருபது ஆண்டுகளுக்குள் காப்பி செத்தது, இடையில் சிங்கோனா என்றொரு மோகம் வந்துபோனது, தேயிலை மலையை மூடியது. புகையிரதம் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறிவந்தது. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரங்களுக்காகக் கண்டியில் பட்டறை வைத்த வோக்கர் போன்ற நிறுவனங்கள் தேயிலை அரைக்கும் இயந்திரங்களுக்கு மாறிக்கொண்டன. தண்ணீர்ச் சக்கரம் நீராவிக்கும், நீராவி எண்ணெய் எஞ்சினுக்கும் இடம்விட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் கைவேலைக்காரர்கள் தமக்குத் தெரிந்த வித்தை தம் கண்முன்னே பழசாவதைப் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

பேரேட்டில் இருக்கும் பெயர்களில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல ஆசை. எட்வர்ட் ஏர்னெஸ்ட் கிறீன் என்ற துரை பூண்டுலோயாவில் தோட்டம் பார்த்துக்கொண்டே, இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் செதில்பூச்சிகளை ஆராய்ந்தவர். 1896இலிருந்து 1922 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய நூல் இலங்கையின் செதில்பூச்சிகளைப் பற்றியது. எத்தனையோ பூச்சியினங்களின் முதல் முகவரியாகப் பூண்டுலோயாவின் பெயர் உலகத்து அறிவியல் ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கடுகளவுப் பொருளை வெளிச்சத்தில் பிடித்து மணிக்கணக்காகப் பார்ப்பது இந்த ஊருக்கு அன்னியமான பழக்கமல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அவர் பார்த்தது புத்தகமானது. அதே தோட்டங்களில் பின்னாளில் ஜெட்டைப் பார்த்தவர்களின் பார்வை கையிலிருந்து கைக்குப் போனதோடு சரி.

பெற்றோல் யுகம் இந்த மலைக்கு வந்தபோது அது துரையின் காராக வந்தது, பிறகு கொழுந்து லொறியாக, பிறகு ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நின்ற வாடகைக் கார்களாக. 1948இல் பிறந்து 1971 வரை கார் வடிவில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர், ஒஸ்ரின், லாண்ட் ரோவர், பெட்போர்ட் என்று நம் பாட்டன்மார் உச்சரித்த பெயர்கள் அவரவர் குலதெய்வப் பெயர்களைப் போலவே நாக்கில் பழகியவை. லயத்துப் பையன் ஒருவன் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் போகாமல் தப்பிக்க இருந்த சில கதவுகளில் கராஜ் ஒன்று. தொழில் பழக்கும் பாஸின் கைக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுப்பது, மண்ணெண்ணெயில் பாகம் கழுவுவது, திட்டு வாங்குவது என்று ஆண்டுகள் போகும். பிறகு ஒருநாள் பாஸ் எஞ்சினை ஓடவிட்டு, "என்னா கேக்குது, சொல்லு" என்பார். அதுதான் பரீட்சை. மொறிஸ் மைனரில் இருந்த எஸ்.யூ. காபரேட்டருக்கு ஒரு தனிக்கதை உண்டு. அதை 1905ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் இங்கிலாந்தில் காலணி வியாபாரம் செய்த குடும்பத்தினர். முதலில் செய்த காபரேட்டரில் காற்றின் இழுவைக்கு ஏற்ப ஏறி இறங்கியது ஒரு தோல் துருத்தி. பின்னாளில் அது உலோகப் பிஸ்டனானது. கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு அதன் உட்பொருள் பிடிபட அதிக நேரம் ஆகியிருக்காது.

அந்தப் பரீட்சையின் பாடத்தைச் சற்று விரித்துச் சொல்லலாம், ஏனென்றால் அது வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது. முதல் விதி, காபரேட்டரைக் கடைசியில் தொடு. காபரேட்டர் மேல் சுமத்தப்படும் பழிகளில் பாதிக்கு மேல் மின்சாரப் பக்கத்துக் குற்றங்கள்: பொயிண்ட் தேய்ந்திருக்கும், கண்டன்சர் செத்திருக்கும், பிளக் வயர் ஈரம் குடித்திருக்கும். அதெல்லாம் சரி என்றால் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கவேண்டும். கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். வெளுத்திருந்தால் காற்றுக் கூடுதல். இளம் பழுப்பாக இருந்தால் சரி. மேல்நாட்டுக் கையேடுகளில் இதைக் காப்பி நிறம் என்று எழுதுவது வழக்கம். இங்கே அதைத் தேத்தண்ணி நிறம் என்கிறார்கள், அளவாகப் பால் விட்ட தேத்தண்ணி. காப்பி போய்த் தேயிலை வந்த சரித்திரம் ஒரு பிளக்கின் நுனியில்கூட எழுதியிருக்கிறது. அடுத்து, எஞ்சின் சும்மா நிற்கும்போது ஏறியும் இறங்கியும் அலைந்தால் எங்கோ ஒட்டில் காற்று இழுக்கிறது. சவர்க்காரத் தண்ணீரை மூட்டுகளில் தடவிப் பார்த்தால், இழுக்கும் இடத்தில் எஞ்சினின் குரல் மாறும். பெற்றோல் வழிந்தால், கிண்ணத்தின் மிதவையான புளோட்டின் ஊசிக்கு அடியில் தூசு. கிண்ணத்தைத் திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டினால் சிலசமயம் அதுவே விலகும். ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது, பித்தளை மென்மையானது, துளை ஒருமுறை பெருத்தால் பெருத்ததுதான். விளக்குமாற்று ஈர்க்கு பரவாயில்லை. கலவைத் திருகை வலிக்காமல் அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து காதால் தேடவேண்டும்: எந்த இடத்தில் எஞ்சின் வேகமாகவும் நடுங்காமலும் ஓடுகிறதோ அது இடம். எஸ்.யூ. என்றால் அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக விரலால் தூக்கிப் பார்ப்பார்கள். எஞ்சின் வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூடுதல், விழுந்து அணையப்போனால் குறைவு, சிறிது ஏறித் தன் நிலைக்கே வந்தால் சரி. தூக்கிய பிஸ்டனை விட்டால் "டொக்" என்று விழவேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

மலைக்கென்று தனியான கோளாறுகளும் உண்டு. செங்குத்தான கொண்டையூசி வளைவில் வண்டி சாயும்போது கிண்ணத்துக்குள் பெற்றோலின் மட்டமும் சாயும். ஒரு பக்கம் ஜெட் வறளும், மறுபக்கம் வழியும். மழையும் மூட்டமும் சேர்ந்த நாளில் இன்னொரு விசித்திரம் நடக்கும். பெற்றோல் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் நிறைந்த குளிர்காற்று அந்தக் கழுத்து வழியே போகையில், வெளியே யாரும் பனிக்கட்டியைப் பார்த்திராத ஊரில், காபரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். வண்டி நின்றுவிடும். ஓரமாக நிறுத்திக் கால்மணி நேரம் விட்டால், எஞ்சினின் சூட்டில் கட்டி உருகித் தண்ணீராகிப் போய்விடும். பிறகு திறந்து பார்த்தால் குற்றவாளி இருக்கமாட்டான். வண்டிக்குப் பேய் பிடித்ததாகவும் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்ததும் ஓடியதாகவும் நாம் கேட்ட கதைகளில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். தேங்காய் வாங்கி வந்து உடைப்பதற்கும் கால்மணி நேரம் ஆகும் அல்லவா?

சூடேறாத எஞ்சினை இசைக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் இன்னொரு கட்டளை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மாசி மாதத்துக் காமன் கூத்து நினைவுக்கு வரும். கூத்துக்கு முன் தப்பு அடிப்பவர்கள் சருகும் வைக்கோலும் கொளுத்தி, தப்பின் முகத்தைத் தணலுக்குக் காட்டுவார்கள். மூட்டத்தின் ஈரம் குடித்துத் தோல் தொய்ந்திருக்கும். சூடு ஏற ஏற இறுகும். ஒருவர் குச்சியால் தட்டிப் பார்த்துத் தலையசைப்பார், இன்னும் கொஞ்சம் என்று. சமவெளியில் செய்த கருவியை மலையின் ஈரத்துக்கு இசைக்கும் வித்தையை நம்மவர்கள் கராஜில் புதிதாகக் கற்கவில்லை. ஊரிலிருந்து தப்பைத் தோளில் சுமந்து வந்த நாளிலிருந்தே அது கையில் இருந்தது.

சரித்திரத்தில் இந்தக் கைகளுக்கு அடிக்கடி தேவை வந்திருக்கிறது, அதுவும் ஏறத்தாழ ஒரே விதமாக: தீவின் கதவு சாத்தப்படும், வெளியிலிருந்து பாகம் வராது, எண்ணெய் வராது, அப்போது எல்லாரும் கராஜ் வாசலில் வந்து நிற்பார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெற்றோல் பங்கீட்டுக்குப் போனபோது, அக்கரையில் மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கலன்களைச் செய்தது. 1970களின் முற்பாதியில் இங்கே இறக்குமதி இறுகியது. அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது காபரேட்டரைப் பேசுவதற்கே கூச்சமாக இருக்கிறது. தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் மனிதர்கள் செத்த காலம் அது. காணிச் சீர்திருத்தம் என்ற பெயரில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின; லயங்களின் கூரை அதனால் ஒழுகாமல் நிற்கவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய லொறி ஓடியாக வேண்டும். பித்தளைப் புளோட்டில் மயிரிழைக் கீறல் விழுந்தால் புதிய புளோட் கிடையாது. அதைச் சுடுநீரில் அமிழ்த்துவார்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே கீறல். உள்ளே புகுந்த பெற்றோலை முழுதும் ஆவியாக்கி வெளியேற்றிய பிறகே ஈயம் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கை போகும். ஈயத்தையும் கஞ்சத்தனமாக வைக்கவேண்டும்: ஒரு பொட்டு கூடினால் புளோட் கனத்துத் தாழும், தாழ்ந்தால் பெற்றோலின் மட்டம் உயரும், உயர்ந்தால் கலவை கெடும். பெருத்துப்போன ஜெட்டை ஈயத்தால் அடைத்து மறுபடி துளையிட்டவர்களும் உண்டு. அளப்பதற்குக் கருவி இல்லாத காலத்தில், ஏற்றத்தில் ஏறும் லொறியின் சத்தமே கருவி.

அந்தக் கைகளில் பல அதே காலத்தில் கப்பலேறின. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1964இல் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. கலவைக் கணக்குப்போல விகிதம் போட்டார்கள். விகிதத்தில் அடங்கியவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்குப் போனார்கள். தமிழ்நாடு அரசு அவர்களுக்காகவே 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் லயம், மீண்டும் கொழுந்து, மீண்டும் மூட்டம். அவர்களுக்குள் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். உதகமண்டலம் 2,240 மீற்றர் உயரம், நுவரெலியாவைவிட மேலே. கோயம்புத்தூர் வெயிலில் இசைத்த வண்டி மலையேறி வந்து இருமியபோது, இந்தக் கோளாறை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள், இங்கே இந்தியத் தமிழர் என்று எழுதிக்கொண்டிருந்த அதே மனிதர்களை.

நாம் கண்ணால் கண்டது 2022இன் பெற்றோல் தட்டுப்பாடு. மற்றதெல்லாம் கேட்டறிந்தது, இது வரிசையில் நின்றறிந்தது. ஜூன் 26 அன்று 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது. பங்கீட்டுக் கியூஆர் அட்டை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலைக்கு நாலு ஓட்டம் ஓடினால் வாரம் முடிந்தது. அப்போது எல்லாருக்கும் ஒரே ஆசை: கலவையை மெலியவை, பெற்றோலைக் குறை. ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு படி ஏற்றினால் ஊசி தாழும், ஊசி தாழ்ந்தால் பெற்றோல் குறையும். ஒரு வாரம் மிச்சம் தெரியும். பிறகு எஞ்சின் சூடேறி வால்வு கருகும். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. ஆகஸ்டில் அதன் விலையும் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியபோது அந்த வழியும் அடைபட்டது. நிதானமான மெக்கானிக்குகள் அன்று சொன்னது அவர்களுடைய பாஸ்மார் எழுபதுகளில் சொன்னதேதான்: பட்டினி போட்டு வேலை வாங்காதே, வண்டி தாங்காது. தோட்டத்து மனிதர்கள் பேசிக்கொண்டு நிற்கையில் இந்தப் பேச்சு காபரேட்டரைவிட்டு எங்கெங்கோ போய்விடும். சம்பளப் பேச்சுவார்த்தை நடந்த வாரங்களில் நிச்சயம் போனது.

இன்று பேச்சு வேறு. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, அதே நாட்களில், ஏப்ரல் 1 அன்று, இந்தியாவில் புதிய புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்து, அங்கே புதிதாக விற்ற மோட்டார் சைக்கிள்களிலும் ஓட்டோக்களிலும் பெரும்பாலானவற்றைக் காபரேட்டரைக் கைவிடச் செய்தது. சென்னைப் புறநகர்த் தொழிற்சாலைகளே காபரேட்டரிலிருந்து எரிபொருள் பீச்சும் கருவிக்கு மாறின. நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அந்த ஐந்து ஆண்டுகளில் காபரேட்டர் உலகில் முதுமையடைந்தது, நம் தெருவில் மட்டும் நடுவயதில் நின்றது. 2025 பெப்ரவரியில் கார்களுக்கும் கதவு திறந்தபிறகு, ஸ்கேனர் இல்லாத கராஜ் இனிப் பிழைக்காது என்று பரபரப்பாகப் பேசுகிறார்கள். பிழைக்காமல் போகலாம். காபரேட்டருக்காக நான் வழக்காட வரவில்லை. அது வீணடிக்கும், புகைக்கும், குளிர்காலையில் அடம்பிடிக்கும். 2008இல் இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோக்களின் இறக்குமதியைத் தடுத்தபிறகு இந்தக் கடைவீதியின் நீலப்புகை மெல்ல மெல்லக் குறைந்ததை நெஞ்சு அறியும். புதிய வண்டியில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் உணரி இருக்கிறது. தான் எந்த மலையில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதென்று அது தானே அறிந்துகொண்டு பெற்றோலைக் குறைக்கிறது. கட்டுநாயக்காவுக்கு இறங்கும்போது கால் சுற்றுத் திறக்கவேண்டிய கை இனித் தேவையில்லை. மூன்று தலைமுறை காதில் சேர்த்த கணக்கு, நகத்தளவு சில்லுக்குள், யாரும் திறக்கமுடியாதபடி அடைபட்டிருக்கிறது. அந்தச் சில்லை எழுதியவருக்குப் பூண்டுலோயா என்றொரு ஊர் தெரிந்திருக்க அவசியமில்லை. தூசு மட்டும் மாறவில்லை. பீச்சுகுழலின் துளை ஜெட்டின் துளையைவிட நுண்ணியது, அடைபடும்போது ஊதினால் போகாது.

கராஜில் ஜெட் சுத்தமாகிவிட்டது. மாட்டி, கிண்ணத்தைத் திருகி, கிக்கரை இழுத்ததும் வண்டி இரண்டுமுறை தும்மிவிட்டு ஓடத்தொடங்கியது. மெக்கானிக் உடனே விடவில்லை. "சூடாகட்டும் அண்ணே, அவசரப்படாதீங்க" என்று சொல்லி, வேஸ்ட் பஞ்சில் கை துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து திருகை மெல்லத் திருப்பினார்; நிறுத்தினார்; இம்மியளவு பின்னே வந்தார். ஓட்டோ கிளம்பி, ஹரோப் பக்கத்து ஏற்றத்தில் வளைந்து மறைந்தது. மறைந்த பிறகும் அவர் தலை சற்றுச் சாய்ந்தபடியே இருந்தது. சத்தம் முதல் வளைவைத் தாண்டி, இரண்டாம் வளைவில் மெலிந்து, மறுபடி ஏறியது. அதன்பிறகே உள்ளே போனார். சுவரோரப் பலகையில் ஒரு லக்ஸ்பிறே பால்மா டின் இருக்கிறது. அதில் அவருடைய பாஸ் காலத்திலிருந்து சேர்ந்த ஜெட்டுகள், எண் தேய்ந்தவை, சோலெக்ஸ், செனித், ஆமல், எஸ்.யூ. ஊசிகள் நாலைந்து. உதவிக்கு நிற்கும் பையன் அதைக் கிலுக்கிப் பார்த்து, "இதெல்லாம் எந்த வண்டிக்கு பாஸ்?" என்று கேட்டான். "வண்டி ஒண்ணும் இப்ப இல்லடா" என்றார் அவர். "மூடி வை. ஈரம் பட்டா பச்சை பூத்துரும்."